ஓட இடமில்லாத சுனை

ஆனைக்கண் ஏரியில் பூதலிங்கம் என்று ஒரு கூழைக்கடா இருந்தார். அவர் மனைவி பெயர் வடிவு. கூழைக்கடாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரிய உடம்பு, நீண்ட அலகு, அலகுக்குக் கீழே ஒரு தொங்குபை. தண்ணீரோடு மீனை அள்ளி, தண்ணீரைக் கொட்டிவிட்டு மீனை விழுங்கும். இறக்கையை விரித்துவிட்டால் மேகத்துக்குப் பக்கத்தில் போய் மிதக்கும். ஆனால் தண்ணீரை விட்டுக் கிளம்புவதற்குள் அது படுகிற பாடு இருக்கிறதே, அதைத்தான் பார்க்க வேண்டும்! தண்ணீர்மேல் தடதடவென்று நெடுந்தூரம் ஓடித்தான் எழும்பும்.

ஆனைக்கண் ஏரி அகலமான ஏரி. ஓடுவதற்கு இடம் கொட்டிக் கிடக்கிறது. அதனால் அந்த ஓட்டத்தைப் பற்றிப் பூதலிங்கமும் நினைத்ததில்லை, வடிவும் நினைத்ததில்லை. நாம் மூச்சு விடுவதை உட்கார்ந்து யோசிக்கிறோமா என்ன?

அது புரட்டாசி மாசம். ஐப்பசி மழை பிறந்துவிட்டால் கூடு கட்ட வேண்டும், முட்டையிட வேண்டும், குஞ்சுகளுக்கு மீன் சுமக்க வேண்டும். நிமிர நேரமிருக்காது. அதற்கு முன்னால் கிடைக்கிற கொஞ்ச நாள்தான் ஓய்வு. அந்த ஓய்வையும் வெயில் கெடுத்தது. ஏரித் தண்ணீர் கஷாயம் மாதிரி சுட்டது.

அந்த நேரம் பார்த்து மஞ்சுமலையிலிருந்து ஒரு வாலாட்டிக் குருவி இறங்கி வந்தது. வந்த குருவி சும்மா இருக்கக் கூடாதா? மலையில் குறிஞ்சி பூத்திருக்கிறது, பல வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கிற பூ, சரிவெல்லாம் ஒரே நீலம் என்று வாலை ஆட்டி ஆட்டிச் சொன்னது.

வடிவுக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் சாப்பாடு இறங்காது. நீலம் என்றால் எந்த நீலம், மயில் கழுத்து நீலமா, மீன்கொத்தி முதுகு நீலமா, வாசனை உண்டா, வண்டு வருமா என்று குருவியைத் துளைத்து எடுத்தாள். வந்து பாருங்கள் அக்கா என்று சொல்லிவிட்டுக் குருவி பறந்து போய்விட்டது.

"என்னங்க, மழைக்கு முன்னாடி ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வந்திருவோமா?" என்று வடிவு கேட்டாள்.

"போகலாம் வடிவு. பறக்குறது பெரிசில்ல. எங்க போய் இறங்குறோம்கிறதுதான் விஷயம்" என்றார் பூதலிங்கம்.

பூதலிங்கம் அப்படித்தான். பக்கத்து மேட்டுக்குப் போவதென்றாலும் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் போவார். மஞ்சுமலைப் பக்கம் மூன்று நீர்நிலைகள் உண்டு. அடிவாரத்தில் ஓர் அணைக்கட்டு. நடுவில் தேயிலைத் தோட்டத்துக் குட்டை. உச்சியில், குறிஞ்சிச் செடிகளுக்கு நடுவே, ஒரு சுனை. இதில் எதில் இறங்குவது?

மீன்கொத்தியைக் கேட்டார். தண்ணீர் எதற்கு, நல்ல மொட்டைக்கிளை ஒன்று போதுமே என்றது அது. கொக்கைக் கேட்டார். கணுக்கால் அளவு சேறு இருந்தால் எங்கேயும் இறங்கலாம் என்றது. காக்கை, தோட்டத்துக் குட்டைதான் சரி, அங்கே வீட்டு வாசல்களில் தினமும் இட்லி விழும் என்று அடித்துச் சொன்னது. அவரவர் காலுக்கும் வயிற்றுக்கும் தோதாக அவரவர் யோசனை.

நாமக்கோழி மட்டும் வேறு மாதிரி சொன்னது. அதுவும் தண்ணீர்மேல் ஓடி எழும்புகிற ஜாதி.

"அணைக்கட்டுல இறங்குங்க அண்ணாச்சி. ஓட இடமிருக்கும்."

பூதலிங்கத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நாங்க பூப் பார்க்கப் போறோமா, ஓட்டப் பந்தயத்துக்குப் போறோமா?" என்றார். ஏரியே சேர்ந்து சிரித்தது. நாமக்கோழி தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொண்டது.

இதையெல்லாம் ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒரு காட்டுப்பூனை கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு ஊர் மஞ்சுமலை உச்சி. அறுப்பு நேரத்தில் வயல் எலி பிடிக்கக் கீழே வந்திருந்தது. எலி தின்று தின்று அதற்கு அலுத்துப்போயிருந்தது. காலையில் கூழைக்கடாக்கள் எழும்புகிறபோது எவ்வளவு தூரம் ஓடுகின்றன என்று அது நன்றாகப் பார்த்து வைத்திருந்தது. சுனை எவ்வளவு அகலம் என்பதும் அதற்குத் தெரியும். தினமும் தண்ணீர் குடிக்கிற இடமாயிற்றே!

அது நாலடி தள்ளி நின்றுகொண்டு, ரொம்ப மரியாதையாகத் தொண்டையைக் கனைத்தது.

"அண்ணாச்சி, நான் அந்த மலைக்காரன், அதனால சொல்லுதேன். அணையில இறங்கினா உச்சிக்கு யாரு ஏறுறது? உங்க காலுக்கு அது ஆகுமா? சுனையில இறங்குங்க. கண்ணைத் திறந்தா பூ. மதினி மிதந்துக்கிட்டே பார்க்கலாம்."

பூதலிங்கம் விசாரிக்க ஆரம்பித்தார். ஆழம் உண்டா? உண்டு என்றது பூனை. மீன்? பொடி மீன்தான், ஆனால் ருசி. குளிர்ச்சி? இந்த வெயிலுக்கு சொர்க்கம். ஆள் நடமாட்டம்?

"என்னைத் தவிர ஒரு ஈ காக்கை வராது அண்ணாச்சி" என்றது பூனை. அது சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பூ எவ்வளவு பக்கம் என்பதை மட்டும் பூதலிங்கம் மாற்றி மாற்றிக் கேட்டார். தண்ணீர் எவ்வளவு நீளம் என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. வடிவும் பூவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள். பூனை அன்றைக்கே மலைக்குத் திரும்பிவிட்டது.

ஒரு நாள் காலை வெயில் ஏறியதும் இரண்டு பேரும் கிளம்பினார்கள். ஏரிமேல் தடதடவென்று ஓடி எழும்பி, வட்டமிட்டு வட்டமிட்டு உயர்ந்து, மஞ்சு மூடிய மலையைப் பார்த்துப் போனார்கள். அணைக்கட்டு கீழே பளபளவென்று விரிந்து கிடந்தது. அதைத் தாண்டினார்கள். தேயிலைக் குட்டையையும் தாண்டினார்கள். அப்புறம் மஞ்சு விலகிய உச்சியில் பாறைகளுக்கு நடுவே சுனை தெரிந்தது, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு.

"என்னங்க, ரொம்பச் சின்னதா இருக்கே?" என்றாள் வடிவு.

"இவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தா எல்லாம் சின்னதாத்தான் தெரியும்."

இறங்கினார்கள். காலை நீட்டித் தண்ணீரில் உரசி நிற்பதற்குள் எதிர்ப் பாறை பூதலிங்கத்தின் நெஞ்சில் வந்து இடித்தது. கணக்காக இறங்கியிருக்கிறேன் பார் என்று அவர் அதற்கும் பெருமைப்பட்டுக்கொண்டார்.

ஆனால் பூ! அதைச் சொல்லத்தான் வேண்டும். சுனையைச் சுற்றிச் செடி செடியாகப் பூத்து நின்றது. மயில் கழுத்தும் இல்லை, மீன்கொத்தி முதுகும் இல்லை, அது வேறொரு நீலம். பக்கத்தில் பார்த்தால் ஊதா, கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் நீலம். ஏன் அப்படி மாறுகிறது என்று வடிவு தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். வண்டுகள் வந்தன. அவற்றிடமும் கேள்வி கேட்டாள். மத்தியானம் போனது தெரியவில்லை. பொடி மீன்கள் நாலைந்து அள்ளலில் தீர்ந்துபோனதும் தெரியவில்லை.

பொழுது சாயும்போது பாறைமேல் காட்டுப்பூனை வந்து உட்கார்ந்தது. சாவகாசமாக முன்னங்காலை நக்கியது.

"வாங்க அண்ணாச்சி. பூவெல்லாம் பார்த்தாச்சா? எப்பக் கிளம்புறீங்க?"

அந்தக் கடைசிக் கேள்வியை அது கேட்ட விதம் வடிவுக்குப் பிடிக்கவில்லை. போகலாம் என்று கணவருக்குக் கண்ணைக் காட்டினாள். பூதலிங்கம் இறக்கையை விரித்து ஓடினார். நாலு எட்டு வைப்பதற்குள் பாறை வந்து முட்டியது. திரும்பி இந்தப் பக்கம் ஓடினார். இந்தப் பக்கமும் பாறை. வடிவும் ஓடிப் பார்த்தாள். மூலைக்கு மூலை ஓடினார்கள். ஒரு முழம்கூட எழும்ப முடியவில்லை.

"அவசரமில்ல அண்ணாச்சி" என்றது பூனை. "இப்ப உங்க ரெண்டு பேர் அலகும் எனக்குப் பயம்தான். இருட்டட்டும். உங்களுக்குக் கண்ணு தெரியாது, எனக்குத் தெரியும். எந்தப் பாறையிலிருந்தும் ஒரு தாவல்தானே?"

பூதலிங்கத்துக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நாமக்கோழியின் முகம் ஞாபகம் வந்தது. "வடிவு, உன்னை நானே கூட்டிட்டு வந்து கொன்னுட்டேனே" என்று விம்மினார்.

வடிவுக்கும் பயம்தான். ஆனாலும் பிறவிக்குணம் எங்கே போகும்? செடியிலிருந்து ஒரு பூ தண்ணீரில் விழுந்தது. அது மெல்ல நகர்ந்து, கோரைப்புல் மண்டிக் கிடந்த ஒரு மூலைக்குப் போய்க் காணாமல் போனது. இன்னொரு பூ விழுந்தது. அதுவும் அதே மூலைக்குத்தான் போனது.

"ஏங்க, இவ்வளவு ஊத்து ஊறுதே, சுனை நிரம்பி வழியலையே. இந்தத் தண்ணி எங்கங்க போகுது?"

பூதலிங்கத்துக்கு அந்த நிலையிலும் கோபம் வந்தது. உயிர் போகிற நேரத்தில் தண்ணீர் போகிற இடமா முக்கியம் என்று கத்தினார். வடிவு அதைக் காதில் வாங்கவில்லை. பூ போன வழியே நீந்திப் போனாள். அலகால் கோரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். ஒரு சின்ன வாய்க்கால் பாறையில் கொஞ்ச தூரம் ஓடியது. அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. வெறும் ஆகாயம். எங்கோ கீழே அணைக்கட்டு தெரிந்தது. வாய்க்கால் முடிகிற விளிம்பிலிருந்து தண்ணீர் அருவியாக விழுந்துகொண்டிருந்தது.

அவள் திரும்பி வந்து கணவர் காதோரம் மெல்லச் சொன்னாள்: "ஓடத்தாங்க இடமில்ல. விழ இடமிருக்கு."

பூதலிங்கத்துக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பேரும் கோரையை நோக்கி விரைந்தார்கள். பூனை சும்மா இருக்குமா? பாறைக்குப் பாறை தாவி வந்து, வாய்க்கால் வாயில் வழியை மறித்துக்கொண்டு சீறியது. பூதலிங்கம் யோசிக்கவே இல்லை. சுனைத் தண்ணீரைத் தொங்குபை நிறைய அள்ளி, பூனையின் முகத்தில் அப்படியே கொட்டினார். கண்ணிலும் காதிலும் மூக்கிலும் பனி மாதிரி தண்ணீர்! பூனைக்குத் தண்ணீர் என்றால் எப்படி என்று உங்களுக்கே தெரியும். தும்மிக்கொண்டு அது ஓரமாகத் துள்ளிய அந்தக் கணத்தில் வடிவு தத்தித் தத்தி ஓடி விளிம்பிலிருந்து விழுந்தாள். பின்னாலேயே பூதலிங்கமும் விழுந்தார்.

விழுந்தார்கள், விழுந்துகொண்டே இருந்தார்கள். பிறகு இறக்கை விரிந்தது, காற்று வந்து தாங்கியது. மேலே பூனை, நனைந்த மீசையோடு விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

அணைக்கட்டில் வந்து இறங்கினார்கள். சறுக்கினார்கள், சறுக்கினார்கள், எந்தப் பாறையும் வந்து முட்டவில்லை. அப்புறம்தான் வடிவு திரும்பி மலையைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தி வெளிச்சத்தில் மஞ்சு விலகிய மலைச்சரிவு முழுவதும், தேயிலைத் தோட்டத்துக்கு மேலே உச்சிவரை, நீலமாக இருந்தது. சுனையில் பார்த்தது சுற்றியிருந்த பத்துச் செடிகள்தான். முழு மலையும் பூத்திருப்பது இங்கிருந்துதான் தெரிந்தது.

"இதை இங்கிருந்தே பார்த்திருக்கலாம்ங்க" என்றாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

பூதலிங்கம் திடீரென்று தண்ணீர்மேல் தடதடவென்று ஓடி எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி வந்து இறங்கினார். மறுபடி ஓடினார். என்ன செய்கிறீர்கள் என்று வடிவு கேட்டாள்.

"ஓட்டப் பந்தயம்" என்றார் பூதலிங்கம்.

மறுநாள் ஆனைக்கண் ஏரிக்குத் திரும்பியதும் மீன்கொத்தியும் கொக்கும் காக்கையும் பூ எப்படி என்று கேட்டு மொய்த்துக்கொண்டன. பூதலிங்கம் அவற்றை விலக்கிக்கொண்டு நேரே நாமக்கோழியிடம் போனார். எல்லோர் முன்னாலும் தலையைத் தாழ்த்தி, நீ சொன்னதுதான் சரி, சிரித்தது என் தப்பு என்றார். மழை பிறந்தது. வடிவு கூடு கட்டினாள். அந்த வருஷம் பிறந்த குஞ்சுகளும் அம்மாவைப் போலவே ஓயாமல் கேள்வி கேட்டன, பூதலிங்கம் ஒன்றுக்குக்கூட முகம் சுளிக்கவில்லை.

ஓரிடத்தில் போய் இறங்குமுன், அது நமக்கு எவ்வளவு பக்கம் என்று கேட்டால் மட்டும் போதாது, அங்கிருந்து எழும்பி வர இடமிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.