ஆட்காட்டி எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தது

மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஆட்காட்டிக் குருவிக்குச் சத்தமே வராது. இன்றைக்கு ஆற்றோரம் நடந்தால் தலைக்கு மேல் வட்டமடித்துக் காதைத் துளைக்கிறதே, நீளமான மஞ்சள் கால், சிவந்த மூக்கு, அதே பறவைதான். அப்போது அது பேசினால் பக்கத்தில் இருப்பவர் குனிந்துதான் கேட்க வேண்டும். அவ்வளவு பணிவு. அந்தப் பணிவு பிறவியில் வந்ததில்லை, குடியிருந்த இடத்தால் வந்தது.

மலையை விட்டு இறங்கிய ஓர் ஆறு அடிவாரத்தில் பெரிய மடுவாகத் தேங்கி நின்றது. மடு முழுவதும் முதலைக்குச் சொந்தம். கரைக்கு மேலே இருந்த காடு புலிக்குச் சொந்தம். இரண்டுக்கும் நடுவே, கோடையில் மட்டும் தலைகாட்டும் ஒரு மணல்திட்டு. அது யாருக்குச் சொந்தம் என்று ஒருவரும் சொன்னதில்லை. அங்கேதான் செவத்தாள் என்ற ஆட்காட்டி வருஷம் தவறாமல் முட்டையிட்டு வந்தாள். அவள் புருஷன் பெயர் நெட்டையன்.

புலியும் முதலையும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். ஒரு மான்தான் காரணம். அதன் முன்னங்கால் புலியின் வாயிலும் பின்னங்கால் முதலையின் வாயிலுமாக அரை நாள் இழுபட்டது. கடைசியில் யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதில் இன்றுவரை இருவருக்கும் ஒரே கணக்கு இல்லை. அதற்குப் பிறகு இருவரும் நடுவில் இருந்த சின்னஞ்சிறுசுகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இவன் யார் பக்கம், அவள் யார் பக்கம் என்று.

முதலை ஒரு நாள் காலையில் திட்டோரம் வந்து மூக்கை நீட்டியது.

"அம்மிணி, அவன் எந்தத் துறையில தண்ணி குடிக்க வர்றான்னு மட்டும் எனக்குச் சொல்லிப்போடு. உடும்பு உன் முட்டைப் பக்கம் வராது. அதுக்கு நானாச்சு."

அன்று சாயங்காலமே புலி வந்தது.

"அந்தக் கிழவன் எந்த எடத்துல வெயில் காயறான்னு எனக்குச் சொல்லு அம்மிணி. நரி என் பேச்சைத் தட்டாது. உன் முட்டைக்கு ஒண்ணும் ஆகாது."

செவத்தாள் இருவருக்கும் சரி என்றாள். வேறென்ன சொல்வாள்? முதலையை அப்பாரு என்றாள், அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தா. புலியை அப்புச்சி என்றாள், அம்மாவைப் பெற்ற தாத்தா. இரண்டு தாத்தாக்களுக்கும் பொதுவாக ஒரு பேத்தி இருப்பதில் தப்பில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஆட்காட்டிகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அடைகாக்கும்போது யாரை நம்புகிறார்களோ அவர் இருக்கும் திசையைப் பார்த்து உட்கார வேண்டும். முதுகைக் காட்டினால் நம்பவில்லை என்று அர்த்தம். ஆகவே செவத்தாள் காலையில் முதலை வெயில் காயும் நேரத்தில் மடுவைப் பார்த்து உட்கார்வாள். பொழுது சாய்ந்து புலி இறங்கும் நேரத்தில் மெல்லத் திரும்பிக் காட்டைப் பார்த்து உட்கார்வாள். கூட்டையும் எல்லோர் கண்ணிலும் படும்படி, வைக்கோல் புல்லை வட்டமாகச் சுற்றி விளிம்பு எழுப்பிக் கட்டியிருந்தாள். தான் இருக்கும் இடம் இருவருக்கும் தெரிந்திருப்பதே காவல் என்று நினைத்தாள். ஆனாலும் திரும்பும் நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகிவிட்டால் அன்று முழுக்க இரை இறங்காது.

திட்டின் கீழ்க்கோடியில் ஓர் ஆமை மணலைத் தோண்டி முட்டை வைத்திருந்தது. அதற்குச் செவத்தாளைப் பார்த்தால் இளக்காரம்.

"காத்தால அப்பாருங்கற, சாயங்காலம் அப்புச்சிங்கற. உனக்கே வெக்கமா இல்லையா? நான் தண்ணிக்காரி. எனக்கு முதலை ஒருத்தர் போதும். அவர் இருக்கற வரைக்கும் என் முட்டையை எவன் தொடுவான்?" என்றது ஆமை.

"நீ குடுத்து வெச்சவ அக்கா," என்றாள் செவத்தாள். உண்மையில் அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் கோடை மழை ஏமாற்றிவிட்டது. மடு சுருங்கிச் சுருங்கிக் குட்டையானது. மற்ற துறைகள் வற்றிப்போனதால் புலிக்குத் தண்ணீருக்கு வேறு போக்கிடம் இல்லை. தண்ணீர் தெளிந்து முதலையின் முதுகு வெளியே தெரிந்ததால் மான்கள் அதன் பக்கமே வருவதில்லை. செவத்தாளின் கூட்டில் நான்கு முட்டைகள். குஞ்சு பொரிக்க இன்னும் ஆறு நாள் இருந்தது.

ஒரு சாயங்காலம் நெட்டையன் ஓடிவந்தான். பறந்து வந்திருக்கலாம், பதற்றத்தில் அது அவனுக்குத் தோன்றவில்லை.

"புள்ள, புலி தண்ணி குடிக்குது. முதலை முங்கவே இல்ல!"

"ஐயோ, சண்டையா?"

"சண்டையும் இல்ல. ரெண்டு பேரும் சும்மா பாத்துக்கறாங்க."

"சும்மாவா?" என்று கேட்டாள் செவத்தாள். அவர்கள் சண்டை போடும்போது என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சும்மா பார்த்துக்கொண்டால் என்ன செய்வது என்று தெரியாது.

மறுநாள் நரி மடுவுக்கும் காட்டுக்கும் நாலு தடவை நடந்தது. அதற்கு மறுநாள் காலையில் திட்டின் கீழ்க்கோடியில் ஆமை அழும் சத்தம் கேட்டது. இருவரும் போய்ப் பார்த்தார்கள். மணல் தோண்டிக் கிடந்தது. முட்டை ஓடுகள் இறைந்து கிடந்தன. அதற்குப் பத்தடி தள்ளித் தண்ணீரில் முதலை இருந்தது. வெயிலை அனுபவிப்பதுபோல அரைக்கண் மூடிக் கிடந்தது.

"நீங்க பாத்துட்டே இருந்தீங்களே!" என்று ஆமை கதறியது. "நரி தோண்டறப்ப ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சமாதானம்னா சும்மாவா?" என்றது முதலை. "அவங்க ஒண்ணு கேட்டாங்க, நான் ஒண்ணு குடுத்தேன். கீழ்க்கோடிதான் நரிக்குத் தோதா இருக்குதுன்னு புலி சொல்லிச்சு."

ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது.

செவத்தாள் மெல்ல முதலையின் அருகே போனாள். "ஏனுங் அப்பாரு, எங்களைப் பத்தி என்னங்க பேசினீங்க?"

முதலை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. அதற்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது.

"உங்களைப் பத்திப் பேச என்ன இருக்குது அம்மிணி?"

சாயங்காலம் அவள் புலியிடம் போனாள். "அப்புச்சி, நரியைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லுங்க. நீங்க வாக்குக் குடுத்தீங்க."

"நரி இப்ப என் ஆளு இல்லையே," என்றது புலி, குரலில் கோபமே இல்லாமல். "ரெண்டு பேருக்கும் பொது ஆளு. நாளைக்கு மத்தியானம் நான் மானைத் திட்டு வழியா ஓட்டிட்டு வர்றேன். தண்ணியில கிழவன் இருப்பான். உன் கூடு நடுவுலதான் இருக்குது, இல்ல? ஓரமா இருந்துக்கோ."

முட்டையை எப்படி ஓரமாக நகர்த்துவது என்று கேட்கத் தெரியாமல் செவத்தாள் திரும்பி வந்தாள்.

நெட்டையன் கேட்டான்: "நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வருவாங்க. நீ எந்தப் பக்கம் பாத்து உக்காருவே?"

செவத்தாள் கூட்டின் விளிம்பிலிருந்து ஒரு புல்லை உருவினாள். பிறகு சொன்னாள். "உக்காரமாட்டேன்."

விடிந்ததும் இருவரும் கூட்டைப் பிரித்தார்கள். வைக்கோல் புல்லை ஒவ்வொன்றாக எடுத்துக் காற்றில் விட்டார்கள். செவத்தாள் சேற்றில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகள் மேல் தேய்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்த முட்டைகள் கரும்புள்ளியும் பழுப்புமாக, சுற்றிக் கிடந்த கூழாங்கற்களைப்போல ஆயின. நெட்டையன் நாலு கல்லை உருட்டி வந்து பக்கத்தில் போட்டான். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தபோது பெற்றவளுக்கே எது கல், எது முட்டை என்று தெரியவில்லை.

"வெயில் ஏறுதே, முட்டை வெந்து போயிருமே," என்றாள்.

"கிட்ட போனா நரி பாத்துரும். வா."

முட்டைகளை வெட்டவெளியில் விட்டுவிட்டு நூறடி தள்ளிப்போய், ஒன்றுமே இல்லாத இடத்தில் இருவரும் நின்றார்கள். அந்த ஒரு காலைப்பொழுது அவளுக்கு முடியவே இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. திரும்பிப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள் என்று எழுதலாம், ஆட்காட்டிக்குப் பல் இல்லை.

உச்சிப்பொழுதில் காட்டோரம் புதர்கள் அசைந்தன. மான்கூட்டம் திட்டில் இறங்கியது. பின்னால் புலி, ஓரத்தில் நரி, எதிரே தண்ணீரில் முதலை. மான்கள் இன்னும் எதையும் அறியவில்லை. முதல் மானின் குளம்பு முட்டைகளுக்கு நாலடி முன்னால் பதிந்தது.

செவத்தாள் கத்தினாள்.

அவள் வம்சத்தில் அதுவரை எவரும் கத்தியதில்லை. அப்படி ஒரு சத்தம் அந்தச் சின்ன உடம்புக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது. மேலே எழும்பிக் கத்தினாள். புலியைப் பார்த்துக் கத்தினாள், முதலையைப் பார்த்துக் கத்தினாள், நரியின் தலைக்கு மேல் பாய்ந்து கத்தினாள். நெட்டையனும் சேர்ந்துகொண்டான். மான்கள் தலையைத் தூக்கின. முதலையின் முதுகைக் கண்டன, புலியின் வாலைக் கண்டன. அடுத்த கணம் பக்கவாட்டில் சிதறி ஓடிவிட்டன. நரி முட்டை கிடைக்கும் என்று செவத்தாள் நின்றிருந்த வெற்று மணலைத் தோண்டு தோண்டென்று தோண்டியது.

புலி வெறும் மணலில் நின்று உறுமியது. "உன் பேத்தி பண்ணுன வேலையைப் பாத்தியா? காத்தாலையானா உன் மூஞ்சியைப் பாத்துத்தான உக்காந்திருப்பா!"

"என் பேத்தியா?" என்று வாலால் தண்ணீரை அடித்தது முதலை. "உன்னைத்தான அப்புச்சிங்கறா! மானைத் தனியா தின்னலாம்னு நீதான் ஏவிவிட்டிருக்கே!"

பேச்சு முற்றியது. புலி ஓர் அடி முன்னால் வைத்தது, முதலை கரையேறியது. இருவரும் அன்று போட்ட சண்டையில் மணல் மழைபோலப் பறந்தது. சாயங்காலம் ஒருவர் காட்டுக்கும் ஒருவர் மடுவுக்கும் நொண்டிக்கொண்டு போனார்கள். சமாதானம் மூன்று நாள்கூடத் தாங்கவில்லை.

செவத்தாள் போய்ப் பார்த்தாள். மூன்று முட்டைகள் இருந்தன. ஒன்று நசுங்கிக் கிடந்தது. புலியின் பாதமா, முதலையின் வாலா என்று தடத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. அவள் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து மிச்ச மூன்றின் மேல் உட்கார்ந்தாள்.

குஞ்சுகள் பொரித்த அன்று முதலை திட்டோரம் வந்தது. உடம்பெல்லாம் காயம், பேச்சில் மட்டும் பழைய பாசம்.

"போனது போகட்டும் அம்மிணி. பழையபடி என் பக்கம் பாத்து உக்காரு. குஞ்சுகளுக்கு ஒண்ணும் ஆகாது."

செவத்தாள் 'சரிங் அப்பாரு' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது அந்தக் கத்தல்தான். சாயங்காலம் புலியும் அதையே கேட்டது. அதற்கும் அந்தக் கத்தல்தான் பதில். பணிவான பழைய குரல் தொண்டையை விட்டுப் போயே போய்விட்டது. அவளும் அதைத் தேடவில்லை.

அந்தக் கோடையிலிருந்துதான் ஆட்காட்டி கூடு கட்டுவதில்லை. கல்லோடு கல்லாக முட்டையிடுகிறது. முட்டை இருக்கும் இடத்தை விட்டு விலகி நின்று, யார் வந்தாலும் ஒரே மாதிரி கத்துகிறது. ஆடு மேய்ப்பவர் வந்தாலும் அப்படித்தான், துணி துவைக்கப் போகிறவர் வந்தாலும் அப்படித்தான். உன் முட்டைக்கு ஒன்றும் ஆகாது என்று நாம் சொன்னால் அது நம்பாது. ஏற்கெனவே அதனிடம் இரண்டு பேர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.