கொண்டைச்சி பிடுங்கிய இறகு

அந்தக் காலத்தில் கோழிக்கும் வாய் இருந்தது, நெருப்புக்கும் வாய் இருந்தது. நெருப்புக்குத்தான் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. "இந்தக் காட்டுல என்னைவிடச் சூடானவன் எவன்?" என்று அது கேட்டதும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். பறவைகளின் முட்டைகளைக் குஞ்சு பொரிக்க வைக்கும் வேலையைப் பஞ்சாயத்து நெருப்பிடமே ஒப்படைத்தது. பெரிய குழி ஒன்று, நடுவில் நெருப்பு, சுற்றிலும் முட்டைகள். பெற்றவள் பக்கத்தில் வரக் கூடாது என்று ஒரு சட்டம் வேறு! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

பஞ்சாயத்துத் தலைவர் நாரையார். குழியில் பதமாகச் சூடு படும் இடமெல்லாம் அவர் வீட்டு முட்டைகளுக்கு. கொண்டைச்சி என்ற பெட்டைக்கோழிக்குக் கிடைத்ததோ கடைக்கோடி. இரண்டு முறை முட்டையிட்டுக் கொடுத்தாள், ஒரு குஞ்சுகூட வரவில்லை. நாரையார் நெருப்பை ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை.

"நீ இடுறதெல்லாம் கூமுட்டை," என்று கூட்டத்தில் கொண்டைச்சியைப் பார்த்துச் சொன்னார். "இந்தத் தடவையும் குஞ்சு வரலைன்னா, இனிமே நீ இடுற முட்டையெல்லாம் கீரிக்கு."

கீரி அங்கேயே நாக்கைச் சப்புக்கொட்டியது.

அவள் புதிதாக இட்ட முட்டைகளைக் குழியில் வைத்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி அடைமழை, கூடவே ஊதைக்காற்று. பெற்ற மனசு கேட்குமா? "சட்டமாவது மண்ணாங்கட்டியாவது!" என்று குழிக்கு ஓடினாள். அங்கே நெருப்பையே காணோம். முதல் தூறலிலேயே எடுத்தது ஓட்டம், பாறைக் குகைக்குள். அது இருந்த இடத்தை ஒட்டிக் கிடந்த முட்டைகள் ஓடு கருகி அவிந்துபோயிருந்தன. தன் முட்டைகளைக் கன்னத்தால் தொட்டுப் பார்த்தாள். குளத்துக் கல் மாதிரி ஜில்லென்று இருந்தன. சூடு அந்தக் கோடிக்கு எட்டவே இல்லை.

"அடப்பாவிங்களா! கூமுட்டைன்னு என் தலையில கட்டினீங்களே!"

குகை வாசலில் போய்க் கத்தினாள். "வெளிய வாண்ணே! என் புள்ளைங்க விறைச்சுக் கிடக்குது."

"நனைஞ்சா நான் அணைஞ்சிடுவேன்," என்றது நெருப்பு, இருந்த இடத்தைவிட்டு அசையாமல். "இந்தா, ஒரு பொறி தர்றேன். அதுவும் என்னை மாதிரியேதான் சுடும்."

சுள்ளி நுனியில் அந்தப் பொறியை வாங்கி, இறக்கைக்கடியில் மறைத்துக்கொண்டு ஓடிவந்தாள். வழியில் தோலில் பட்டுச் சுரீரென்று சுட்டது. முட்டைமேல் வைத்தாளோ இல்லையோ, புஸ்ஸென்று அணைந்தது. முட்டை வைத்தபடியே ஜில்லென்று இருந்தது.

"என்னைச் சுடத் தெரியுது, ஒரு முட்டைக்குக் காணாது! இதுக்குத்தான் இத்தனை பீத்தலா?" என்று சுள்ளியைத் தூக்கி எறிந்தாள்.

முட்டைகளை ஒரு புதருக்கடியில் உருட்டிச் சேர்த்துத் தானே மேலே உட்கார்ந்தாள். நேரம் போனது. அவளுக்குக் கதகதப்பாக இருந்தது, முட்டைகளோ குளிர்ந்தே கிடந்தன. குளிரை உள்ளே விடாத இறகு, அவள் உடம்புச் சூட்டையும் வெளியே விடவில்லை. அது புரிந்ததும் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"புள்ளைங்க நடுங்குது, எனக்கு மட்டும் என்ன போர்வை வேண்டிக்கிடக்கு?"

சொல்லிக்கொண்டே அலகால் மார்பு இறகைப் பிடுங்கினாள். வலியில் கண்ணில் நீர் முட்டியது. அடுத்ததையும் பிடுங்கினாள். வெறும் தோல் தெரியும்வரை பிடுங்கி எறிந்துவிட்டு முட்டைகளை மார்போடு அணைத்தாள். அவள் சூடு மெல்ல அவற்றுக்குள் இறங்கியது. சூடு எப்போதும் இருப்பவரிடமிருந்து இல்லாதவரிடம்தான் போகும்; நியாயம்தான் அந்தக் காட்டில் அப்படிப் போகவில்லை. அவளுக்கு உடம்பு வெடவெடத்தது, ஆனாலும் எழவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே சூடு படும்படி முட்டைகளைப் புரட்டிப் புரட்டி வைத்தாள். இரை தேடப் போனாலும் போன கால் தரிக்காமல் திரும்பி வந்தாள்.

மழை விட்டுப் பல நாள் கழித்துப் பஞ்சாயத்து அவளைத் தேடிக்கொண்டு வந்தது. கீரி முன்னால் வந்து மூக்கை நீட்டியது. கொண்டைச்சி உடம்பெல்லாம் சிலிர்த்து, விட்டாள் ஒரு கொத்து! கீரி அலறிக்கொண்டு பின்வாங்கியது. அந்த நேரம் பார்த்து அவள் மார்புக்கடியில் "கீச்" என்று ஒரு சத்தம். ஓடு விரிசல் விட்டு, ஈரத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. அப்புறம் இன்னொன்று.

நாரையார் தொண்டையைக் கனைத்தார். "பார்த்தீங்களா, நம்ம நெருப்பு அன்னிக்குக் குடுத்த சூடு வீண் போகலை."

"ஆமாமா, எல்லாம் நம்ம கைங்கரியம்," என்றது பின்னால் நின்ற நெருப்பு, வெட்கமே இல்லாமல்.

கொண்டைச்சிக்கு வந்ததே கோபம்! "மழையில நான் விறைச்சுக் கிடந்தப்போ எங்கய்யா போனீங்க எல்லாரும்?" என்று எகிறினாள். "இனிமே என் முட்டைக்கிட்ட எவன் வந்தாலும் கொத்துவேன். நல்லவன் கெட்டவன்னு பார்க்க மாட்டேன்!"

அன்று தொட்டுத்தான் அடைக்கோழியின் மார்பில் இறகு இருப்பதில்லை, உடம்பு கொதிக்கிறது, தண்ணீர் வைக்கப் போனவரைக்கூட உறுமிக்கொண்டு கொத்துகிறது. அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை. தணிவானேன்?