பிழையில்லாத அறிக்கை

தீயணைப்பு வீரர் மாசிலாமணி, எரிந்த பள்ளிக்கூடத்திலிருந்து பதினோரு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர். கட்டுப்போட்ட கையால் அவர் எழுதிய அறிக்கையை, மறுநாள் காலை அணிவகுப்பில் நிலைய அலுவலர் வைத்தியலிங்கம் எல்லார் முன்னாலும் வாசித்தார்.

“‘பல்லியில் தீ. பதினோரு பில்லைகள் மீட்பு.’ தமிழ் எழுதத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா காக்கிச் சட்டை?”

பிறகு, மேலிடத்துக்குத் தாம் எழுதிய அறிக்கையை நீட்டினார். “இதுல ஒரே ஒரு பிழை காட்டு. இல்லேன்னா உனக்கு மெமோ.”

மாசிலாமணி நிதானமாகப் படித்தார். ‘என்னால் பதினோரு பிள்ளைகள் மீட்கப்பட்டனர்’ என்றிருந்தது.

“எழுத்தெல்லாம் சரியா இருக்குங்க ஐயா. ‘என்னால்’ங்கறது மட்டும்தான் பிழை. நீங்க வந்தப்ப தீ அணைஞ்சிருந்தது.”

வைத்தியலிங்கம் பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்தார். அதன்மேல் ‘மாசிலாமணியால்’ என்று எழுதினார்.