வாக்குக் கெட்ட தேனீ

அந்தக் காலத்தில் தேனீக்குப் பேச்சு வரும். மற்ற உயிர்களுக்கும்தான் வந்தது. காக்கை கதை அளக்கும், நரி நைசாகப் பேசும், ஆடு சும்மாவே புலம்பும். அவை பேசியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேனீ பேசினால் மட்டும் கேட்டார்கள். தேன் பானையைத் திறந்ததும் அந்தத் தேன் இருந்த கூட்டின் மூத்த தேனீ வந்து விளிம்பில் உட்காரும். "நாவல் பாதி, புங்கம் கால், மிச்சம் வேம்பு" என்று சொல்லிவிட்டுப் போகும். அதற்குப் பிறகு தேனை மோந்து பார்ப்பதும் நாக்கில் வைத்துப் பார்ப்பதும் தேனீயை அவமதிப்பதாகும் என்று ஒரு வழக்கம். வழக்கம் என்று வந்துவிட்டால் நாம் எதைத்தான் யோசிக்கிறோம்?

இன்னொரு வழக்கமும் இருந்தது. பூத்தேன் உள்ள கூட்டில் பாதி அடையைத்தான் அறுப்பார்கள். மீதி தேனீக்களுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும். வேறு இனிப்பைக் குடித்துச் சேர்த்த தேன் என்று தெரிந்தால் புகை போட்டு விரட்டிவிட்டு, மெழுகுக்காக முழு அடையையும் உருக்கிவிடுவார்கள். குஞ்சுகளும் அதோடு போகும்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இரண்டு வருடமாக மழை இல்லை. நாவலும் பூக்கவில்லை, வேம்பும் பூக்கவில்லை. மாரப்பன் என்ற குடியானவனின் கிணற்றில் மட்டும் கொஞ்சம் ஊற்று இருந்ததால் அவன் கரும்பு தப்பியது. ஆலையில் சாறு பிழிந்து, கொப்பரையில் ஊற்றி, வெல்லம் காய்ச்சினான். கொப்பரை விளிம்பில் தேனீக்கள் மொய்க்கத் தொடங்கின. காலையில் வந்து பொழுது சாயும் வரைக்கும் உறிஞ்சின. பாவம், பசிக்கு வருகின்றன என்று அவனும் விரட்டாமல் விட்டான்.

ஒருநாள் அவனுடைய ஒரே மகள், ஏழு வயதுப் பொன்னாத்தா, கொப்பரைப் பக்கம் கால் வழுக்கி விழுந்தாள். கொதிக்கிற பாகு இடுப்பிலிருந்து முழங்கால் வரை கொட்டிவிட்டது.

வைத்தியம் பார்க்கும் நாச்சக்காள் ஓடிவந்து பார்த்தாள். "பச்சிலையைப் பூத்தேன்ல குழைச்சுப் போட்டாப் புண்ணு அழுகாது, மாரப்பா. பொழைச்சுக்குவா. ஆனாப் பூத்தேனாவே இருக்கோணும். வேற இனிப்புன்னா புண்ணு புளிச்சுப் போயிரும்."

அந்த வருடம் மலையிலிருந்து இறங்கியது ஒரே ஒரு பானைத் தேன். அதைக் கொண்டுவந்து திறந்தார்கள். மூத்த தேனீ வந்து விளிம்பில் உட்கார்ந்தது. இந்த முறை விளிம்பைச் சுற்றிச் சுற்றி நடந்தது.

"சொல்லு அம்மிணி, பூத்தேன்தானே?" என்றாள் நாச்சக்காள்.

"பூத்தேன்தானுங்க்கா. நாவல் பாதி, வேம்பு பாதி."

மாரப்பனுக்கு மனசு கேட்கவில்லை. "இங்க ஒரு மரமும் பூக்கலியே அம்மிணி?"

"மலைக்கு அந்தப் பக்கம் பூத்திருந்துச்சுங்கண்ணா."

"எங்க கொப்பரையில உங்காளுங்களப் பாத்தனே. தெனமும் பாத்தனே."

"தண்ணி தாகத்துக்கு வந்திருப்பாங்க."

தினமும் கண்ணால் பார்த்தவன் அவன். ஒரு விரலை நக்கிப் பார்த்திருந்தால் போதும். ஆனால் தேனீ பொய் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லையே. அவன் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துகொண்டான். நாச்சக்காள் மருந்தைக் குழைத்துப் புண் முழுவதும் பூசினாள்.

மூன்றாம் நாள் புண்ணிலிருந்து புளித்த வாடை வந்தது. காய்ச்சல் ஏறியது. பிள்ளை தண்ணீர் கேட்டாள், அம்மாவைக் கேட்டாள், பிறகு எதையும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் உச்சிப்பொழுதில் உயிர் போய்விட்டது.

இடுகாடு போனவர்கள் திரும்பிய கையோடு நாச்சக்காள் வழக்கத்தை மீறிப் பானைக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். பானையை மாரப்பனிடம் நீட்டினாள். அவனும் தொட்டு வைத்துப் பார்த்தான். அவன் கைப்பக்குவம் அவனுக்குத் தெரியாதா?

"இது எம் பாகு" என்றான்.

கூடு இருந்த மரத்தடிக்குப் போனான். மூத்த தேனீ எதிரே வந்தது.

"ஏன் அம்மிணி அப்படிச் சொன்னே?"

"நெசத்தைச் சொல்லியிருந்தா கூட்டை உருக்கியிருப்பாங்க. உள்ள எங்க குஞ்சுக இருந்துச்சுங்கண்ணா."

"எனக்கும் ஒண்ணு இருந்துச்சு" என்றான் மாரப்பன்.

அவன் கூட்டுக்குத் தீ வைக்கவில்லை. வைத்திருந்தால்கூட அந்தத் தேனீக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திரும்பி நடந்தான். நடந்ததை ஊர் ஊராகச் சொன்னான். சொல்ல வேண்டியதுதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த வருடம் மழை கொட்டியது. நாவல் பூத்தது, புங்கம் பூத்தது, வேம்பு பூத்தது. சுத்தமான பூத்தேன் பானை பானையாக இறங்கியது. தேனீக்கள் விளிம்பில் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி சொல்லின. பொய்யே சொல்லாத கூட்டுத் தேனீக்களும் சொல்லின. "ஆமா, நீங்க சொன்னா சரிதான்" என்று சிரித்துவிட்டு, ஜனங்கள் கிண்ணத்தில் தண்ணீர் எடுக்கப் போனார்கள். தேனீக்கள் பானைக்குப் பானை பறந்து கெஞ்சின. எத்தனை நாளைக்குத்தான் கெஞ்சும்? யாரும் கேட்காத பேச்சு வருடா வருடம் தேய்ந்து, கடைசியில் வெறும் ரீங்காரமாக நின்றுவிட்டது.

அன்று முதல்தான் தேன் வாங்குகிறவர்கள் தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்க்கிறார்கள், திரியில் தோய்த்துக் கொளுத்திப் பார்க்கிறார்கள், எறும்பைக்கூடச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள், எல்லாம் பார்த்து முடித்த பிறகும் மனசு ஆறாமல், "நல்ல தேன்தானே?" என்று விற்கிறவனையே கேட்கிறார்கள்.