கழற்றிய பல் செட்

எங்கள் காலனிப் பொங்கல் விளையாட்டுகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. போன வருஷம் எலுமிச்சை ஸ்பூன் பந்தயத்தில் ஜெயித்தவர் கட்டைவிரலால் எலுமிச்சையை அமுக்கிக்கொண்டே ஓடினார். ஆகவே இந்த வழக்கையும் சந்தேகத்தோடே கேளுங்கள்.

இந்த வருஷம் புதுப் போட்டி. ‘செட்’ என்ற இங்கிலீஷ் சொல்லை நம் ஊரில் எதற்கெல்லாம் சொல்கிறோமோ, அதையெல்லாம் ஆளுக்கொன்றாகச் சொல்ல வேண்டும். சொன்னதையே சொன்னாலும், கூட்டத்திலிருந்து யாராவது ஜாடை காட்டியதைப் பார்த்துச் சொன்னாலும் ஆட்டம் போச்சு. பரிசு, கிரைண்டர்.

கடைசியில் மேடையில் நின்றவர்கள் இருவர். ஒருத்தி மாடிவீட்டு வடிவு. இன்னொருத்தி ஜெசிந்தா, எதிர்வீட்டுப் பெரியவர் சங்கரபாண்டியின் மகன் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள். அவள் வந்த நாளிலிருந்து மாமனார் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் சுவரைப் பார்த்துத்தான் கேட்பார். சரியான ரோஷக்காரர். பொய்ப்பல்லைக் கழற்றினால்தான் அவருக்குச் சாப்பிட வரும். அதனால் தட்டோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பெற்ற மகனே அவரைப் பல்லில்லாமல் பார்த்ததில்லை.

“செட் தோசை” என்றாள் வடிவு.

“பம்ப் செட்.”

“நகை செட்.”

“கான்கிரீட் செட் ஆகணும்னு கொத்தனார் சொல்வாரே!”

“அவளுக்கும் எனக்கும் செட் ஆகாது” என்று வடிவு ஜெசிந்தாவைப் பார்த்தே சொன்னாள். கூட்டம் சிரித்தது.

ஜெசிந்தா திணறினாள். போட்டியை நடத்திய காலனிச் செயலாளர் வன்னியப்பன் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். அப்போது முன்வரிசையில் இருந்த சங்கரபாண்டி வாயிலிருந்து பல்லைக் கழற்றித் துண்டால் துடைத்தார்.

“பல் செட்!” என்று கத்தினாள் ஜெசிந்தா.

வடிவுக்கு அதற்குப் பிறகு ஒன்றும் ஓடவில்லை. “இது கள்ளாட்டம்! மாமனாரு எடுத்துக் காட்டுறாரு!” என்று குதித்தாள்.

“பேசாத மனுஷனா உதவப் போறாரு?” என்றது பாதிக் கூட்டம். பேசாதது போல நடிப்பதும் ஏற்பாடாக இருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

சங்கரபாண்டி பல்லை மாட்டிக்கொண்டார். “பல்லு உறுத்துச்சு, கழத்துனேன். அதுக்கும் உங்ககிட்ட கேக்கணுமாய்யா?”

“நீ சொல்லும்மா. அந்தச் சொல் உனக்குத் தானாத் தோணுச்சா?” என்றார் வன்னியப்பன். ‘ஆமாம்’ என்றால் கிரைண்டர் அவளுக்கு.

நீங்களே சொல்லுங்கள்: பெரியவர் சொன்னது உண்மையா? ஜெசிந்தா என்ன பதில் சொல்லியிருப்பாள்?

விடை: பெரியவர் சொன்னது பச்சைப் பொய். உறுத்தியிருந்தால் எழுந்து மறைவாகப் போயிருப்பார். மகனுக்கே காட்டாத பொக்கை வாயை ஊருக்கே காட்டினார் என்றால், அது மருமகளுக்காகத்தான். அது ஜெசிந்தாவுக்கும் புரிந்துவிட்டது. மறைத்தால் கிரைண்டர் கிடைக்கும். ஆனால் மாமா தனக்காகச் செய்ததை அவளே இல்லையென்று சொன்னதாகிவிடும். “மாமா காட்டித்தான் சார் சொன்னேன்” என்றாள். பரிசு வடிவுக்குப் போனது. படியிறங்கி வந்தவளைப் பார்த்து, சுவரைப் பார்த்து அல்ல, சங்கரபாண்டி சீறினார்: “கூறுகெட்ட புள்ள! கைக்கு வந்ததை விட்டுட்டு வாரியே!” திட்டு வாங்கி அப்படிச் சந்தோஷப்பட்ட ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை.