ஊற்றுமுன் விசாரித்தவள்

ஒரு வார்ப்படப் பட்டறையில் இரும்புக் கரண்டி ஒருத்தி இருந்தாள். உலையில் உருகிய இரும்பை வாங்கிக்கொண்டு போய், தரையில் வரிசையாகச் செய்து வைத்திருக்கும் மணல் அச்சுகளில் ஒன்றில் ஊற்றுவது அவள் வேலை. அன்று உலை அவளிடம் கொடுத்தது அவளுடைய மகளை.

"பன்னிரண்டு வருஷம் காய்ச்சிக் கொடுத்தாச்சு. இனி என் பொறுப்பில்லை. ஆறுறதுக்குள்ள ஊத்திடு. ஊத்தினா ஊத்தினதுதான்" என்றது உலை.

"எதுல ஊத்தறது?"

"அதை நீதான் விசாரிச்சுக்கணும்." உலை கதவைச் சாத்திக்கொண்டது.

மகள் தகதகவென்று இருந்தாள். எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தப் பக்கம் ஓடினாள். கரண்டி அவளைச் சிந்தாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அச்சு வரிசைப் பக்கம் நடந்தாள்.

முதலில் கூப்பிட்டது சக்கர அச்சு. அதன் தலைமாட்டில் ஆளுயர விளம்பரப் பலகை.

"வாங்கம்மா, வாங்க. எங்க சக்கரம் எல்லாம் கப்பலேறி வெளிநாடு போயிருக்கு."

"போனவங்கள்ல யார்கிட்டயாவது ரெண்டு வார்த்தை பேச முடியுமா?"

"ஓடிட்டே இருக்கறவங்களுக்குப் பேச நேரம் ஏதும்மா?"

பக்கத்திலிருந்த பம்பு மூடி அச்சு கனைத்தது. "அதை நம்பி ஊத்திடாதீங்க. பட்டறைக்குப் பின்னாடி ஒரு குவியல் கிடக்கு, போய்ப் பாருங்க, தெரியும். இந்த வருஷம் மூடிக்குத்தான் மவுசு."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷத்தை இப்பவே கேட்டா நான் எங்கம்மா போவேன்?"

வரிசையின் கடைசியில் தோசைக்கல் அச்சு. அது யாரையும் கூப்பிடவில்லை. மகள்தான் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"உங்ககிட்ட வந்தா நான் என்ன ஆவேன்?"

"தோசைக்கல். எண்ணெய் தடவித் தடவிப் பழக்கணும். கொஞ்ச நாள் எல்லாம் ஒட்டிக்கும், பிய்யும், உன்னைத் திட்டுவாங்க. அப்புறம் சரியாயிடும். தினமும் சூடு தாங்கணும், அதையும் இப்பவே சொல்லிடறேன்."

மகள் சிரித்தாள். "அம்மா, இதுலயே ஊத்திடேன்."

"தோசைக்கல்லா? பன்னிரண்டு வருஷம் வெந்தது அதுக்கா? சொந்தக்காரங்க கேட்டா நான் என்னடி சொல்றது?"

"தோசைக்கல்னு சொல்லு."

"வாயை மூடு. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

கரண்டி பட்டறையின் பின்பக்கம் போனாள். அங்கே குவியலின் மேலே விரிசல் விட்ட சக்கரம் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது.

"உங்கம்மா விசாரிக்காம அவசரப்பட்டு ஊத்திட்டாங்களாப்பா?"

"இல்லைங்க. அவங்களும் உங்களை மாதிரிதான். நல்லா விசாரிச்சுதான் ஊத்தினாங்க."

அதற்குப் பிறகு கரண்டியின் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மறுபடியும் முதல் அச்சிலிருந்து தொடங்கினாள். மணல் எந்த ஆற்று மணல், போன வருஷம் எத்தனை பேர் உடைந்தார்கள், உடைந்தவர்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். எல்லாரும் நன்றாகத்தான் பதில் சொன்னார்கள். பதில் நன்றாக இருக்க இருக்க அவளுக்குச் சந்தேகம் கூடியது.

"அம்மா, எனக்கு உடம்பெல்லாம் கனமா இருக்கு."

"ஒரு நிமிஷம்டி தங்கம். இவங்களை மட்டும் கேட்டுட்டுப் போயிடலாம்."

"எதுலயாவது ஊத்தும்மா."

"எதுலயாவதா? இப்படிப் பொறுப்பில்லாம பேசறதாலதான் நான் அலையறேன்."

பிறகு மகள் பேசவில்லை. சாய்த்தாலும் முன்போல ஓடவில்லை. பெண்ணுக்கு ஒருவழியாக நிதானம் வந்துவிட்டது என்று கரண்டி சந்தோஷப்பட்டாள்.

விசாரிக்க இனி ஒருவரும் பாக்கியில்லை. "சரி, உன் இஷ்டப்படியே தோசைக்கல்லாவே ஆயிக்கோ. அம்மா ஒண்ணும் சொல்லலை" என்றபடி கடைசி அச்சின் மேல் சாய்ந்தாள்.

எதுவும் விழவில்லை.

இன்னும் சாய்ந்தாள். தலைகீழாகக் கவிழ்ந்தாள். தரையில் முட்டி முட்டிப் பார்த்தாள். "இறங்கும்மா, இறங்குடி கண்ணு" என்று கெஞ்சினாள். மகள் அம்மாவின் குழிக்குள்ளேயே, அம்மாவின் வளைவு நெளிவோடு, கறுத்து இறுகியிருந்தாள்.

ஊற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த இன்னொரு கரண்டி நின்று பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பொண்ணா? அடடா, அப்படியே உன்னை உரிச்சு வெச்சிருக்கே!"