கண்ணாடிக்குத் தெரியாத உயிர்

கும்பிட்ட சாமி துணையிருக்க, கேளுங்கள். மலையடிவாரத்துக் கிழங்குத் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்கு வலை கட்டுகிறவன் சடையாண்டி. ஒருநாள் முதலாளி ராசபூபதி, உயிரின் சூட்டை இருட்டிலும் வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும், துப்பாக்கியில் மாட்டிய புதுக் கண்ணாடியோடு வந்து இறங்கினார்.

"இதுக்குத் தப்புற உயிர் உண்டாடா? நாளைக் காலையில ஒண்ணைக் காட்டு. இல்லேன்னா வலையைக் கொளுத்திட்டு ஊரை விட்டுப் போ."

"காட்டுறேன் முதலாளி."

மறுநாள் விடிந்தும் பனி விலகவில்லை. ஒரு குருவிகூடக் கத்தவில்லை. முதலாளி கண்ணாடியில் பார்த்தார். எங்கும் ஒரே கறுப்பு.

"எங்கடா இருக்கே?"

"உங்க எதிர்லதான், முதலாளி."

மறுபடி பார்த்தார். ஆளில்லை. குரல் மட்டும் நெருங்கி வந்தது. சில்லென்று ஒரு கை அவர் தோளைத் தொட்டது.

"ஈஸ்வரா!" என்று அலறிவிட்டார்.

உச்சி முதல் பாதம் வரை சேறு பூசி நின்றான் சடையாண்டி.

"ஈரச்சேறு சூட்டை மறைச்சிடுது முதலாளி. பன்னி புரளுற குட்டையிலதான் அள்ளிப் பூசினேன். தினமும் அங்க புரண்டுட்டுத்தான் அது இங்க வரும்."

அவர் முதுகுக்குப் பின்னால் ஏதோ உறுமியது. கண்ணாடியைத் திருப்பினார். வெறும் கறுப்பு. மூச்சுச் சத்தம் மட்டும் கிட்டே வந்தது.

"சடையாண்டி... வலை எங்கப்பா?"

"உங்களுக்கும் அதுக்கும் நடுவுலதான் கட்டியிருக்கேன். அசையாம நில்லுங்க."